காவலனின் அச்சமும் கணக்கின் தொடக்கமும்: இரவுநேரத் துப்பாக்கிச்சூட்டு வாக்குமூலம் குறித்த ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

காவற்பணியில் இருப்பவர் ஓர் உயிரைக் கொன்றபின் தம் செயலுக்குத் தரும் விளக்கத்தைச் சட்டத்துறையினர் வாக்குமூலம் என்பர். அது நடந்ததைத் தெரிவிக்கும் செய்தி மட்டுமன்று. கொன்றவர் பிறர்முன் தம்மைப் பொறுப்புடையவராக நிறுத்திக்கொள்ளும் செயலும் ஆகும். ஆதலின் அச்செயலுக்கும் தனியே ஓர் அறம் உண்டு. இவ்வகை வாக்குமூலங்கள் பலவும் இரவில் நிகழ்ந்தவற்றைப் பற்றியன. சாட்சிகள் இலர், அல்லது உடன் பணியாற்றியவரே சாட்சி. மறுத்துரைக்க உரிமையுடைய ஒருவரோ இறந்துவிட்டார். எஞ்சிநிற்பது ‘நான் அஞ்சினேன்’ என்னும் ஒரு தொடர். மனத்துள் நிகழ்ந்ததைக் குறிக்கும் இத்தொடரைப் பொய் என நிறுவுதல் அரிது. அது பொய்யாக இருக்கவேண்டும் என்பதும் இல்லை. அஞ்சியது உண்மையாயின் கொன்றது முறையாகிவிடுமா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1974, 2024 ஆகிய ஆண்டுகளில் நிகழ்ந்த இரு கொலைகளும், சிலப்பதிகாரக் கொலைக்களக் காதையில் இடம்பெறும் காவலன் ஒருவனின் கூற்றும் இங்கு ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. காலத்தாலும் இடத்தாலும் சேய்மைப்பட்ட இவற்றை ஒப்பிடுவது பொருந்துமா எனக் கேட்கலாம். ஒப்புமை நிகழ்ச்சிகளில் அன்று, கூற்றின் அமைப்பில் உள்ளது.

அழைத்தவர் வீட்டில்

2024 சூலை 6ஆம் நாள் நள்ளிரவு கடந்த நேரம். இல்லினாய் மாநிலத் தலைநகர் ஸ்பிரிங்பீல்டை ஒட்டிய ஒரு வீட்டிலிருந்து 911 என்னும் அவசர எண்ணுக்கு அழைப்பு வந்தது. வீட்டைச் சுற்றி யாரோ நடமாடுவதாக ஐயுற்று அழைத்தவர் சோன்யா மேஸி, 36 வயதுக் கறுப்பினப் பெண். சங்கமன் கவுண்டியின் துணை ஷெரிப்புகள் இருவர் வந்தனர். (அமெரிக்காவில் கவுண்டி என்னும் ஆட்சிப் பகுதிக்கு மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் காவல்தலைவரே ஷெரிப். அவருடைய அதிகாரத்தை அவருக்குக் கீழிருந்து செலுத்துபவர் துணை ஷெரிப். சென்னை, மும்பை போன்ற நகரங்களில் நாம் கேள்விப்பட்ட மதிப்புறு பதவியோடு இதனைக் குழப்பிக்கொள்ளலாகாது.)

வந்தவர்கள் வீட்டின் புறத்தே தேடினர், எவரும் அகப்படவில்லை. கதவைத் திறந்ததும் அப்பெண் தம்மைத் துன்புறுத்த வேண்டாம் என்றார். அழைத்தவரே நீங்கள்தாமே, நாங்கள் ஏன் துன்புறுத்தப் போகிறோம் என்ற பொருளில் விடை வந்தது. பின்னர் அடையாள அட்டை கேட்கப்பட்டது. அவர் அமர்ந்து கைப்பையில் தேடிக்கொண்டிருந்தபோது, அடுப்பில் பாத்திரம் இருப்பதைக் கண்ட துணை ஷெரிப் ஷான் கிரேசன், தாங்கள் இருக்கும்போது தீப்பிடித்தல் போன்ற தொல்லை வேண்டா என்றார். அதனால்தான் அப்பெண் எழுந்து அடுப்பை நோக்கிச் சென்றார். இது கருதத்தக்கது. பின்னர் ஆயுதமாகக் கூறப்பட்ட கொதிநீர்ப் பாத்திரத்தின் அருகே அவரைச் செல்லவைத்தது காவலரின் சொல்லே.

அவர் பாத்திரத்தை எடுத்தபோது காவலர் பின்வாங்கினர். ஏன் விலகுகிறீர்கள் என்று அவர் வினவ, கொதிக்கும் நீரிலிருந்து விலகுவதாக விடை கிடைத்தது. அப்போது அவர் ஏசுவின் பெயரால் உம்மைக் கண்டிக்கிறேன் என்னும் பொருள்பட இருமுறை மொழிந்தார். கிறித்தவ வழிபாட்டில், சிறப்பாகத் தீய ஆவியை விலக்கும் வேண்டுதலில், பழகிப்போன தொடர் அது. கிரேசன் இழிசொற்களுடன், முகத்திலேயே சுட்டுவிடுவதாகக் கூறித் துப்பாக்கியை உருவினார். அப்பெண் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே குனிந்தார். பாத்திரத்தைக் கீழே போடுமாறு கத்தியவாறே கிரேசன் மூன்றுமுறை சுட்டார். ஒரு குண்டு அவர் கண்ணுக்குக் கீழே பாய்ந்தது. இருவருக்கும் நடுவே சமையலறை மேடை இருந்தது.

உடன்வந்த காவலர் முதலுதவிப் பெட்டியை எடுத்துவர முற்பட்டார். குண்டு தலையில் பாய்ந்ததால் இனிப் பயனில்லை என்னும் பொருளில் கிரேசன் அவரைத் தடுத்தார். ஆயினும் அவர் துணியால் குருதியை அடக்க முயன்றார். பின்னர் வந்து சேர்ந்த காவலர்களிடம் கிரேசன் தந்த விளக்கமே அவருடைய முதல் வாக்குமூலம் எனலாம். அப்பெண் கொதிநீருடன் தம்மை நோக்கி வந்தார் என்பது அதன் சாரம். கிரேசன் தம் உடற்கேமராவைத் தொடக்கத்திலிருந்து இயக்கவில்லை. உடன்வந்தவரின் கேமரா இயங்கிக்கொண்டிருந்தது. 2024 சூலை 22ஆம் நாள் அப்பதிவு வெளியிடப்பட்டபோது, கூறப்பட்டதற்கும் நிகழ்ந்ததற்கும் இடையே இருந்த தொலைவை உலகம் கண்டது.

வழக்கு பியோரியா நகரில் நடைபெற்றது. கிரேசன் தாமே சாட்சிக்கூண்டில் ஏறி, தம்மீது கொதிநீர் வீசப்படும் எனத் தாம் அஞ்சியதாகக் கூறினார். அதே அறையில், அதே இரவில் நின்ற மற்றொரு காவலர், அப்பெண்ணைத் தாம் அச்சுறுத்தலாகக் கருதவில்லை என்று சாட்சியளித்தார். 2025 அக்டோபரில் நடுவர்குழு கிரேசனை இரண்டாம்தரக் கொலைக் குற்றவாளி எனத் தீர்ப்பளித்தது.

மெம்பிஸ் நகரத்து நேர்மை

இதனோடு வைத்து நோக்கத்தக்கது 1974 அக்டோபர் 3ஆம் நாள் இரவு, டென்னசி மாநிலம் மெம்பிஸ் நகரில் நிகழ்ந்தது. இரவு 10.45 மணியளவில், ஒரு வீட்டினுள் யாரோ புகுந்துள்ளதாக வந்த அழைப்பின்பேரில் காவலர் இருவர் சென்றனர். அண்டைவீட்டுப் பெண் கண்ணாடி உடையும் ஒலி கேட்டதாகக் கூறி அவ்வீட்டைச் சுட்டிக்காட்டினார். எல்டன் ஹைமன் என்னும் காவலர் வீட்டின் பின்புறம் சென்றபோது ஓர் உருவம் ஓடியது; ஏறத்தாழ ஆறடி உயரமுள்ள கம்பிவேலியின் அருகே நின்றது. கைவிளக்கின் ஒளியில் ஹைமன் அவனுடைய முகத்தையும் கைகளையும் கண்டார். நிற்குமாறு கூவினார். அவன் வேலிமீது ஏறத் தொடங்கினான். ஹைமன் சுட்டார், குண்டு பின்தலையில் பாய்ந்தது. இறந்தவன் எட்வர்டு கார்னர், வயது 15. அவனிடம் கிடைத்தவை 10 டாலரும் அவ்வீட்டிலிருந்து எடுத்த ஒரு பணப்பையும்.

ஹைமனின் வாக்குமூலத்தில் வியப்பிற்குரியது அதன் நேர்மை. ஆயுதம் எதனையும் தாம் காணவில்லை என்றும், அவன் ஆயுதமற்றவன் என ஓரளவு உறுதியாகவே கருதியதாகவும் அவர் கூறினார். வேலியைத் தாண்டிவிட்டால் பிடிக்கவியலாது என்பதே சுட்டதற்குக் காரணம். அச்சம் என்ற பேச்சே அங்கு இல்லை. அவர் அஞ்சியதாகக் கூறவேண்டிய தேவையும் இல்லை. தப்பியோடும் குற்றவாளியைப் பிடிக்கத் தேவையான எவ்வழியையும் கையாளலாம் என அம்மாநிலச் சட்டம் இசைவளித்திருந்தது. சட்டம் கேட்டது ஓட்டம். வாக்குமூலம் ஓட்டத்தைக் கூறியது.

அந்த நேர்மையே அச்சட்டத்தை வீழ்த்தியது. 1985இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில், ஆயுதமற்று ஓடுபவனை உயிர்போகச் சுடுதல் அரசமைப்புக்கு முரண் என்றது. தப்பியோடுபவனால் காவலருக்கோ பிறருக்கோ பெருந்தீங்கு நேரும் என நம்புதற்குரிய காரணம் இருந்தாலன்றிச் சுடலாகாது என்றும் வரையறுத்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1989இல் கிரகாம் வழக்கில், காவலரின் வன்செயலை அளக்கும் பொதுக்கோல் ஒன்றை அந்நீதிமன்றம் வகுத்தது. நிகழ்விடத்தில் நின்ற அறிவார்ந்த காவலர் ஒருவரின் நோக்கிலிருந்தே அளக்கவேண்டும். பின்னாளில் கிடைத்த தெளிவைக்கொண்டு அளக்கலாகாது. நொடிப்பொழுதில் முடிவெடுக்கும் நிலையை எண்ணிப் பார்க்கவேண்டும் என்பன அதன் கூறுகள்.

இக்கோல் அறிவற்றது அன்று. ஒளிமிக்க அறையில் அமர்ந்து, காணொளியைப் பலமுறை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பவர்க்கு இருட்டில் நின்றவரின் இடர் விளங்குவதில்லை. இரவில் வரும் அழைப்புக்குச் செல்பவர் கதவுக்குப் பின்னால் இருப்பது யாதென அறியாமலேயே செல்கிறார். அவருக்கும் வீடு உண்டு. ஆயினும் இத்தீர்ப்புகளுக்குப் பின் வாக்குமூலங்களின் மொழி மாறியது என்றே எண்ணத் தோன்றுகிறது. ஹைமனின் வாய்மொழியை இன்று ஒரு காவலர் அப்படியே கூறுவாராயின் அது குற்ற ஒப்புதலாகும். சட்டம் எதைக் கேட்கிறதோ அதையே வாக்குமூலம் தருகிறது. அச்சம் கேட்கப்பட்டபின் அச்சம் கூறப்படுகிறது. கூறுவோர் அனைவரும் பொய்யர் என்பது இதன் பொருளன்று. தாம் நினைவுகூரும் முறையையே சட்டத்தின் வினா வடிவமைத்துவிடும் என்பதே இங்குச் சொல்லவந்தது.

மற்றோர் இரவின் கள்வன்

சிலப்பதிகாரத்திற்கு வருவோம். பொற்கொல்லன் அழைத்துவந்த காவலர் கோவலனைக் கண்டவுடன், தோற்ற இலக்கணத்தால் இவன் கொலைக்குரியவன் அல்லன் என்றே கூறுகின்றனர். கண்ட காட்சி அவர்களைத் தடுக்கிறது. பொற்கொல்லன் நகைத்து, களவு நூலோர் கூறும் மந்திரம், தெய்வம், மருந்து முதலிய எட்டுத் துணைகளை விரித்துரைக்கிறான்; கள்வர் கண்ணெதிரே மறையும் கதைகளைக் கூறுகிறான். அவன் செய்வது ஒன்றே: எதிரில் நிற்கும் ஒருவனைப் பற்றிய பேச்சைக் கள்வர் என்னும் வகுப்பைப் பற்றிய பேச்சாக மாற்றிவிடுகிறான். அமைதியாகத் தோன்றுவதே கள்வனின் திறம் ஆகிவிட்டபின், கோவலனின் அமைதியும் அவனுக்கு எதிரான சான்றாகிறது.

இதற்குப் பின்னரே வேலேந்திய இளைய காவலனின் கூற்று வருகிறது. உரையாசிரியர்களும் ஆய்வாளர்களும் பொற்கொல்லனின் சூழ்ச்சிக்கும் மன்னனின் ஆராயாமைக்கும் தந்த இடத்தை இச்சிறு கூற்றுக்குத் தந்ததாகத் தோன்றவில்லை. மழைக்காலத்து நள்ளிரவு, ஊர் உறங்கும் நேரம், நிலம் அகழும் உளியும் கருநீல உடையுமாக ஒருவன் புலிபோல் தோன்றினான், காவலன் வாளை உருவ, அவன் அவ்வாளையே பற்றிக்கொண்டான், பின்னர் எங்குத் தேடியும் காணவில்லை. இவர்தம் செயல் அரியது, மன்னனும் நம்மை வருத்துவான், செய்யத்தக்கதைக் கூறுங்கள் என்று உடன்நின்ற வீரரிடம் முடிக்கிறான். அச்சம் என்னும் சொல்லை அவன் ஆளவில்லை. ஆனால் கூற்று முழுவதும் அச்சமே. வாளை இழந்த காவலனின் நாணமும் அதனுள் உண்டு.

அவன் பொய் கூறவில்லை என்பதே இங்கு முதன்மையானது. மதுரைக்காஞ்சியும் கருநிற உடையணிந்த கள்வரையும், மழைபெய்யும் நள்ளிரவிலும் சோர்வின்றித் தெருக்களைக் காக்கும் ஊர்காப்பாளரையும் காட்டுகிறது. அத்தகைய இரவு அவனுக்கு வாய்த்திருக்கும். ஆனால் அந்த இரவு வேறு. அந்தக் கள்வன் வேறு. உளியில்லாத, நீல உடையில்லாத, வாளைப் பற்றாத ஒருவன்மீது அவ்விரவு முழுவதும் ஏற்றப்படுகிறது. அடுத்த கணம், கல்வியற்ற, மதுவால் மயங்கிய காவலன் ஒருவன் வாளை வீசுகிறான். காவலர்களின் முதல் தயக்கத்தை அழித்தது பொற்கொல்லனின் நூலறிவும் இளைஞனின் பட்டறிவும் சேர்ந்தே.

அமெரிக்கக் காவற்பயிற்சியிலும் இவ்வகை நூலறிவு உண்டு. சால்ட் லேக் நகரக் காவல் பயிற்றுநர் டென்னிஸ் டுவல்லர் 1983இல் எழுதிய கட்டுரையொன்றில், கத்தியேந்தியவன் 21 அடித் தொலைவை ஏறத்தாழ ஒன்றரை நொடியில் கடந்துவிடுவான் என்றார். எச்சரிக்கையாகத் தோன்றிய இது பிற்காலத்தில் பயிற்சி வகுப்புகளிலும் நீதிமன்றங்களிலும் 21 அடி விதி என வழங்கலாயிற்று. ஒரு தொலைவைப் பற்றிய செய்தி, அத்தொலைவிற்குள் நிற்கும் எவரையும் பற்றிய தீர்ப்பாக மாறும் இடர் இதில் உண்டு. எவரும் எக்கணமும் கொல்லக்கூடும் எனப் பயின்றவருக்குச் சமையலறையில் பாத்திரம் ஏந்தி நிற்கும் பெண்ணைக் காண்பது கடினம். பயின்றதையே அவர் காண்பார்.

அச்சமும் நியாயமும்

ஜே. எல். ஆஸ்டின் என்னும் ஆங்கில மெய்யியலார் 1956இல் நிகழ்த்திய உரையில் இருவகை விடைகளை வேறுபடுத்தினார். செய்தேன், ஆனால் செய்தது தவறன்று என்பது ஒன்று; அதனை நியாயப்படுத்தல் எனலாம். செய்தது தவறே, ஆனால் முழுப்பொறுப்பும் என்னைச் சாராது என்பது மற்றொன்று, அது காரணங்கூறல். ‘நான் அஞ்சினேன்’ என்பது இயல்பில் இரண்டாம் வகையைச் சார்ந்தது. அஞ்சியவன் தவறிழைக்கக்கூடும் என்பதை அனைவரும் அறிவோம், அதனால் இரங்குகிறோம். காவலரின் வாக்குமூலத்தில் நிகழும் மாற்றம் யாதெனில், இரக்கத்திற்குரிய இக்காரணம் நியாயத்தின் இருக்கையில் அமர்ந்துவிடுகிறது.

இல்லினாய் மாநிலச் சட்டத்தில் இவ்வேறுபாட்டிற்கு ஒரு வடிவம் உண்டு. கொன்றவர் தம்மைக் காத்துக்கொள்ளவே கொல்கிறோம் என உண்மையாக நம்பியிருந்து, அந்நம்பிக்கை அறிவுக்குப் பொருந்தாததாயின், அது இரண்டாம்தரக் கொலையாகக் கொள்ளப்படும். அச்சட்டப்பிரிவு பெருஞ்சினத்தையும் மற்றொரு காரணமாக ஏற்பதால், நடுவர்குழுவின் உள்ளத்தை நாம் உறுதியாகக் கூறவியலாது. ஆயினும் வாதம் நடந்தது அச்சத்தைப் பற்றியே. அச்சம் மெய்யாக இருந்திருக்கலாம், ஆயினும் அது போதாது என்பதாகவே அத்தீர்ப்பை வாசிக்க இடமுண்டு. இறந்தவரின் குடும்பத்தார் இதில் மனநிறைவு கொள்ளவில்லை. அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு: மெய்யான அச்சத்திற்குத் தரப்படும் சலுகை, எவரைக் கண்டால் எளிதில் அச்சம் எழுகிறதோ அவர்களின் உயிரிலிருந்தே தரப்படுகிறது. நிறத்தால் அஞ்சப்படுவோர்க்கு இச்சலுகையின் விலை மிகுதி. 1908இல் ஒரு பொய்க் குற்றச்சாட்டைப் பற்றி எழுந்த கலவரத்தில் கறுப்பினத்தவர் கொல்லப்பட்ட அதே ஸ்பிரிங்பீல்டு இது என்பதையும் மறத்தற்கில்லை.

திருவள்ளுவர் செங்கோன்மை, கொடுங்கோன்மை ஆகியவற்றை அடுத்து வெருவந்த செய்யாமை என ஓர் அதிகாரம் வைத்தார். ஆள்வோன் பிறர் அஞ்சத்தக்கன செய்யலாகாது என்பது அதன் பொருள். படைக்கலம் ஏந்திய அரசின் அறத்தைப் பேசுமிடத்து, அச்சம் என்பது அரசு படும் துன்பமாக அன்றி, அரசு விளைக்கக்கூடிய துன்பமாகவே முதலில் கருதப்பட்டுள்ளது. அந்த இரவில் முதலில் அஞ்சியவர் யார்? ஐயுற்று அழைத்தவர் அப்பெண்; கதவைத் திறந்ததும் துன்புறுத்த வேண்டா என்றவரும் அவரே. அவருடைய அச்சத்திற்கு எவ்வுரிமையும் கிடைக்கவில்லை. அதனைப் போக்க வந்தவரின் அச்சத்திற்கே படைக்கலம் இருந்தது.

கணக்கு தொடங்கும் இடம்

எனவே அச்சம் உண்டா இல்லையா என்னும் வினாவைவிட, வாக்குமூலம் எந்தக் கணத்திலிருந்து தொடங்குகிறது என்னும் வினாவே அறவியலில் பயனுடையது. பாத்திரம் உயர்ந்த கணத்திலிருந்து தொடங்கினால், அங்கே ஓர் அச்சமும் ஒரு துப்பாக்கியும் மட்டுமே உள்ளன. அடுப்பருகே செல்லவைத்த சொல்லிலிருந்து தொடங்கினால் அவ்வச்சத்தை விளைத்தவர் யார் என்பது புலனாகும். விலகிச் செல்லுதல், கதவைக் கடந்து வெளியேறுதல், பேசுதல் ஆகிய வாயில்கள் திறந்திருந்தமையும் தெரியவரும். முகத்தில் சுடுவேன் என்ற மிரட்டல் பாத்திரத்தின் நீரை எவ்வகையிலும் குளிரச் செய்யாது.

அமெரிக்க நீதிமன்றங்கள் சிலவற்றில் இடர்நேர்ந்த கணத்தை மட்டும் நோக்கும் விதி ஒன்று நெடுங்காலம் இருந்தது. டெக்சாசு மாநிலத்தில் 2016இல் சுங்கக் கட்டணம் தொடர்பாக நிறுத்தப்பட்ட வண்டி நகரத் தொடங்கியபோது, காவலர் ஒருவர் அதன் படியில் ஏறி நின்று ஓட்டுநரைச் சுட்டுக்கொன்றார். கீழ்நீதிமன்றங்கள் அவர் வண்டியில் தொற்றிநின்ற இரண்டு நொடிகளை மட்டுமே நோக்கின. அங்கு ஏன் ஏறினார் என்பது கணக்கில் வரவில்லை. 2025 மே மாதத்தில் பார்ன்ஸ் வழக்கில் உச்சநீதிமன்றம் இவ்விதியை ஒருமனதாகத் தள்ளி, சூழ்நிலை முழுவதையும் நோக்கவேண்டும் என்றது. காவலர் தாமே உண்டாக்கிய இடரை எவ்வாறு மதிப்பது என்னும் வினாவிற்கு மட்டும் அது விடைகூறவில்லை. அறவியலார் அவ்வாறு விட்டுவிட இயலாது. தானே மூட்டிய தீயைக் கண்டு அஞ்சி ஓடியவன் பிறனை மிதித்துக் கொன்றால், அவன் அஞ்சியதை நம்புவோம். தீயைப் பற்றியும் கேட்போம்.

கணக்கை இன்னும் பின்னே கொண்டுசெல்லவும் இடமுண்டு. கிரேசன் 2020க்குப் பின் சில ஆண்டுகளுக்குள் ஆறு காவல் அமைப்புகளில் பணியாற்றியவர். அவரை அமர்த்திய ஷெரிப் 2024 ஆகஸ்டில் பணியிலிருந்து விலகினார். கவுண்டி நிருவாகம் 2025 பிப்ரவரியில் குடும்பத்திற்கு 1 கோடி டாலர் இழப்பீடு தர இசைந்தது. பணியமர்த்தும் முன் ஒருவரின் முந்தைய பணிப்பதிவுகளை முழுமையாகப் பெற்று ஆராயவேண்டும் என வற்புறுத்தும் சட்டம், சோன்யா மேஸியின் பெயரால் 2025 ஆகஸ்டில் இல்லினாயில் கையெழுத்தாயிற்று.

கோவலனை வெட்டிய காவலனுக்கு இளங்கோவடிகள் அதன்பின் ஒரு சொல்லும் தரவில்லை. மதுவால் மயங்கியிருந்தேன் என்றோ, தோழன் கூறிய இரவை எண்ணி அஞ்சினேன் என்றோ அவன் எவரிடமும் கூறுவதில்லை; காப்பியத்திலிருந்தே மறைந்துவிடுகிறான். வழக்குரை காதையில் விடை சொல்பவன் பாண்டியன். வாளேந்தியவனையோ பொற்கொல்லனையோ அவன் சுட்டிக்காட்டித் தப்ப முயலவில்லை. பொற்கொல்லன் சொல் கேட்டதைக் கூறுகிறான். ஆனால் கள்வன் என்னும் பெயரைத் தனக்கே சூட்டிக்கொள்கிறான்.